அவளுக்கு இருந்த சட்டம்

1. சனிக்கிழமைக் காய்ச்சல்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு தனியார் கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்த நான்காவது மாதம், சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, கவுன்டரில் வைத்து ஒருவர் என்னை அறைந்தார். எழுபதுகளின் கடைசி அது. எனக்கு இருபது வயது.

அவருடைய மகளுக்குக் காய்ச்சல். தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். டாக்டர் ஒரு வயதானவரைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போயிருந்தார். வர அரை மணி நேரம் ஆகும்.

"அங்கிள், உக்காருங்க. டாக்டர் இப்ப வந்துருவாரு. அதுவரைக்கும் ஈரத்துணி வச்சித் தொடைச்சி விடுறேன்."

"தொடைக்கறதுக்கா இங்க தூக்கிட்டு வந்தேன்? ஊசி இருக்குல்ல? எடுத்துப் போடு."

"நான் ஊசி போடக் கூடாது அங்கிள். டாக்டர்தான்..."

அவ்வளவுதான் சொன்னேன். இடது காதில் ஏதோ வெடித்தது போல இருந்தது. கையில் இருந்த நோயாளிக் கார்டுகள் தரையெல்லாம் சிதறின. பெஞ்சில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஓர் ஆன்டி மட்டும் குனிந்து கார்டுகளைப் பொறுக்கி என்னிடம் கொடுத்தார். அடித்தவர் மகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

டாக்டர் வந்ததும் சொன்னேன். யார் என்று கேட்டார். பெயரைச் சொன்னதும் அவர் முகம் மாறியது.

"அவரு நம்ம பேனல் கம்பெனி முதலாளி, பாக்கியம். அவரு லோரி டிரைவருங்க எல்லாம் கம்பெனி செலவுல நம்மகிட்டத்தான வராங்க. பிள்ளைக்குக் காய்ச்சல், டென்ஷன்ல கைய நீட்டிட்டாரு. விட்டுரு லா. முகத்தக் கழுவிட்டு வா. பேஷன்ட் வெயிட் பண்றாங்க."

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். ஒரு மணிக்குக் கிளினிக் மூடியதும் தனியாகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தேன். அங்கே ஒரு தமிழ் சார்ஜன் இருந்தார். பொறுமையாகத்தான் கேட்டார்.

"ரத்தம் வந்துச்சா?"

"இல்ல சார்."

"எலும்பு கிலும்பு?"

"இல்ல சார். காதுல இன்னும் சத்தம் கேக்குது."

அவர் பேனாவை மேசைமேல் வைத்தார். "சட்டத்துல இது செக்ஷன் த்ரீ டூ த்ரீ மா, சின்னக் காயம். வாரன்ட் இல்லாம நாங்க போய் ஆளைப் புடிக்க முடியாது. ரிப்போர்ட் எழுதித் தரேன். அதை எடுத்துக்கிட்டு நீயேதான் மாஜிஸ்திரேட்கிட்ட போய்க் கம்ப்ளெய்ன் பண்ணணும். நீ எங்க வேலை செய்ற, கவர்மென்ட் ஆஸ்பத்திரியா?"

"இல்ல சார், பிரைவேட்டு."

"அதான். கவர்மென்ட் ஆளா இருந்தா வேற கதை. டியூட்டியில இருக்கறவங்க மேல கைய வச்சா த்ரீ ஃபைவ் த்ரீ. இப்பவே போய்த் தூக்கிட்டு வந்துருவோம்."

திங்கட்கிழமை டாக்டரிடம் கோர்ட்டுக்குப் போக ஒரு நாள் லீவு கேட்டேன். "போ. தாராளமா போ. ஆனா போனா, அப்படியே வீட்லயே இருந்துக்க" என்றார். நான் போகவில்லை.

வீட்டில் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. முக்கியமாக ரீத்தாவிடம் சொல்லவில்லை.

2. மிஸ்ஸியும் கிளினிக்குப் பொண்ணும்

ரீத்தாவும் நானும் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் அடுத்தடுத்த வீடு. அவள் அப்பாவும் என் அப்பாவும் ஒரே பட்டறையில் ஃபிட்டர்கள். அவர்கள் வீட்டில் மாதா படம், எங்கள் வீட்டில் முருகன் படம். மற்றபடி இரண்டு வீட்டுச் சாப்பாடும் ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் பாரம் முடித்ததும் இருவரும் சேர்ந்தே அரசாங்க நர்ஸ் பயிற்சிக்கு மனுப் போட்டோம். ஒரே நாளில், ஒரே பேனாவில் எழுதினோம். அவளுக்கு மலாய்ப் பாடத்தில் கிரெடிட் இருந்தது. எனக்கு இல்லை. அவளுக்குக் கடிதம் வந்தது.

மூன்று வருடம் கழித்து அவள் வெள்ளை கவுன், வெள்ளை சப்பாத்து, நெஞ்சில் தொங்கும் கடிகாரத்துடன் குவார்ட்டர்ஸுக்குள் நடந்து வந்தாள். வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து, "மிஸ்ஸி வந்துருச்சு" என்றார்கள். ஆஸ்பத்திரி நர்ஸை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். எனக்கும் வெள்ளைச் சட்டைதான். நானும் காய்ச்சல் பார்த்தேன், புண்ணைக் கழுவிக் கட்டினேன், வாந்தி துடைத்தேன். என்னைக் "கிளினிக்குப் பொண்ணு" என்றார்கள்.

என் அம்மா அதை இன்னும் மோசமாக்கினார். குழம்பில் உப்புக் கூடினால்கூட, "ரீத்தாவப் பாரு, எதுலயும் எவ்வளவு கவனம்" என்பார். ரீத்தா என்னை ஒரு நாளும் தாழ்வாகப் பேசியதில்லை. பேசியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவள் தன் நர்ஸிங் புத்தகங்களை எனக்குக் கொடுத்தாள். பாண்டேஜ் எப்படிச் சுற்றுவது என்று என் கையிலேயே சுற்றிக் காட்டினாள். நான் அந்தப் புத்தகங்களைப் படித்தேன், கற்றுக்கொண்டேன். ஆனால் அவள் பெயர் எழுதியிருந்த அட்டையைப் புரட்டும்போதெல்லாம் எரிச்சலாக வந்தது.

பிறகு எனக்குக் கல்யாணம் ஆனது. கணவர் சிவம் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். பண்டமாரானில் குடியேறினோம். நான் கிள்ளானில் வேறொரு கிளினிக்கில் சேர்ந்தேன். ரீத்தாவும் மாற்றலாகி அந்த வட்டாரத்திலேயே ஓர் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு வந்தாள். தீபாவளிக்கு அவள் வருவாள், கிறிஸ்மஸுக்கு நாங்கள் போவோம். வெளியே பார்ப்பவர்களுக்கு நாங்கள் உயிர்த்தோழிகள்.

3. ஸ்கிரீன் இடுக்கு

எண்பதுகளின் நடுவில் அம்மாவுக்குச் சர்க்கரையால் கால் புண் முற்றி ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டி வந்தது. ரீத்தா வேலை செய்த வார்டிலேயே படுக்கை கிடைத்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று நடுவே இடுப்பளவுத் தடுப்பு மட்டுமே வைத்த நீண்ட வார்டு. அம்மாவின் கட்டில் தடுப்பை ஒட்டிய கடைசிக் கட்டில்.

அன்று இரண்டு மணி. மதியப் பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்துவிட்டது. காலை ஷிப்ட் நர்சுகளும் மதிய ஷிப்ட் நர்சுகளும் வார்டின் மறுகோடியில் மேசையைச் சுற்றி நின்று, நோயாளிகளின் விவரங்களை ஒப்படைக்கும் பாஸ் ஓவர் செய்துகொண்டிருந்தார்கள். ரீத்தா தன் பங்கை முடித்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அம்மாவிடம் போய்வருகிறேன் என்று சொல்ல வந்தாள். நான் ஸ்கிரீனை இழுத்துவிட்டு அம்மாவுக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். வெளியே நின்றபடியே, "பாக்கியம், அம்மா சாப்பிட்டாங்களா?" என்றாள்.

பதில் சொல்ல வாயைத் திறந்தபோது தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவர் அழும் குரல் கேட்டது. பந்திங் பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். முந்தின நாள்தான் குடலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. வாய்வழி எதுவும் தரக்கூடாது என்று கட்டில் தலைமாட்டில் அட்டை தொங்கியது. மணி அடித்தும் போகாமல் நின்றிருந்த அவருடைய மகன் தனபாலன், ஃபிளாஸ்கிலிருந்து கஞ்சியை மூடியில் ஊற்றி அவர் வாயில் வைத்துக்கொண்டிருந்தார்.

ஸ்கிரீன் இரண்டு துண்டுத் துணி. நடுவில் ஒரு கை அகலத்துக்கு இடுக்கு. அதன் வழியாக எல்லாவற்றையும் பார்த்தேன்.

ரீத்தா தோளிலிருந்த பையைக் கழற்றித் தரையில் போட்டாள். தடுப்பைச் சுற்றி ஓடினாள். "அண்ணே, குடுக்காதீங்க! நான் இந்த வார்டு நர்ஸ். அப்பாவுக்கு வாயில எதுவும் குடுக்கக் கூடாது. தையல் பிரிஞ்சிரும்" என்றாள்.

"ரெண்டு நாளா பசிக்குது பசிக்குதுன்னு அழுவுறாரு. நீங்க எல்லாம் அங்க நின்னு கதை பேசறீங்க."

"டாக்டரக் கூப்பிடறேன், நீங்களே கேளுங்க. அந்த மூடியக் குடுங்க."

அவள் மூடியைப் பிடித்தாள். அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். அவள் கத்தினாள். முறுக்கிய கையோடு அவளை அப்படியே தள்ளினார். இரும்புக் கட்டிலின் விளிம்பில் அவள் கை மாட்டிக்கொண்டது. மரக்குச்சி ஒடிவதுபோல ஒரு சத்தம் எனக்கு இந்தப் பக்கம் கேட்டது.

மேசையருகே நின்றவர்கள் திரும்பிப் பார்த்தபோது அவள் தரையில் இருந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் மறக்கவே முடியாது. சிஸ்டர் ஓடி வந்தார். டாக்டர் ஓடி வந்தார். அட்டெண்டன்ட் இருவர் தனபாலனைக் கார் நிறுத்தும் இடத்தில் மடக்கினார்கள். கால் மணி நேரத்தில் மேட்ரனே இறங்கி வந்தார். எக்ஸ்ரே எடுத்தார்கள், டாக்டர் தன் கைப்பட ரிப்போர்ட் எழுதினார், போலீஸ் ஜீப் வாசலுக்கு வந்தது. மேட்ரன் ரீத்தாவின் தோளைப் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நீ ஒண்ணும் பயப்படாதே. கவர்மென்ட் நர்ஸ் மேல கை வச்சிருக்கான். த்ரீ ஃபைவ் த்ரீ."

அந்த எண்ணைக் கேட்டதும் என் இடது காது சூடானது.

அவளுக்கு எலும்பு முறிந்திருந்தது. வலியில் உதடு வெளுத்துப்போயிருந்தது. அம்மாவின் கட்டிலருகே நின்றுகொண்டு நான் அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அவளைச் சுற்றி நின்ற ஒவ்வொருவர் மேலும் பொறாமைப்பட்டேன். கையில் மாவுக்கட்டுப் போட்டதும் சக நர்சுகள் அதில் பெயர் எழுதினார்கள். அதைப் பார்த்தும் பொறாமைப்பட்டேன். ஒருத்தி அடிபட்டதைக் கண்டு இன்னொருத்தி வயிறெரிவாளா என்று கேட்பீர்கள். எரிந்தேன்.

4. பார்க்கவில்லை

மறுநாள் வழக்கை விசாரிக்கும் இன்ஸ்பெக்டர் வார்டுக்கு வந்தார். ரீத்தா என் பெயரைச் சொல்லியிருந்தாள்.

"நீங்க ஸ்கிரீனுக்குப் பின்னால இருந்தீங்களாமே. என்ன பாத்தீங்க?"

அவர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து காத்திருந்தார். எனக்காக ஒரு போலீஸ்காரர் பேனாவைத் திறந்து காத்திருப்பது அதுதான் முதல் தடவை. ஆனால் அதுவும் எனக்காக அல்ல, அவளுக்காக.

"அம்மாவுக்குச் சட்டை மாத்திக்கிட்டு இருந்தேன் சார். சத்தம் கேட்டுச்சு. ஒண்ணும் பாக்கல."

"எதுவுமே?"

"ஸ்கிரீன் மூடியிருந்துச்சு சார்."

அவர் எழுதிக்கொண்டு என் கையெழுத்தை வாங்கினார். பக்கத்தில் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. மருந்து மயக்கத்தில் இருந்தாரா, புரிந்துகொண்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அப்போது என்ன நினைத்தேன் என்று நேர்மையாகச் சொல்கிறேன். அவளுக்குத்தான் மேட்ரன் இருக்கிறார், டாக்டர் இருக்கிறார், ஓர் அரசாங்கமே இருக்கிறது. நான் வேறு எதற்கு என்று நினைத்தேன்.

5. அடுப்படியில்

வழக்கு விசாரணைக்கு வர மாதங்கள் ஆயின. அம்மா தேறி வீட்டுக்கு வந்துவிட்டார். விசாரணைக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ரீத்தா பண்டமாரானுக்கு வந்தாள். நான் சமைத்துக்கொண்டிருந்தேன். அடுப்படி ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"கேஸ் நிக்காதுபோல பாக்கியம்."

"ஏன்? அதான் த்ரீ ஃபைவ் த்ரீயாச்சே."

"அவன் லாயர் வேற மாதிரி போறாராம். நான் டியூட்டி முடிஞ்சி, பையை மாட்டிக்கிட்டு, பிரண்டோட அரட்டை அடிச்சிக்கிட்டு நின்னேனாம். அவன் அப்பாவுக்குத் தண்ணி குடுத்தப்ப நான் வந்து வாய்க்கு வந்தபடி ஏசினேனாம். அவன் என்னைத் தொடவே இல்லையாம். நானே வழுக்கி விழுந்தேனாம். மத்த நர்சுங்க எல்லாம் அந்தக் கோடியில நின்னாங்க. விழுந்த பிறகுதான் பாத்தாங்க. பெரியவரு எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லைங்கறாரு. டியூட்டியில இருந்தேன்னு நிரூபிக்கலேன்னா நான் சும்மா ஒரு பொம்பளை. அவன் தள்ளினத யாரும் பாக்கலேன்னா த்ரீ டூ த்ரீகூட நிக்காதாம்."

நான் கிளறிக்கொண்டிருந்த கரண்டி நின்றது. எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. இப்போது நீயும் என் வரிசையில் வந்து நிற்கிறாய் என்று அது சொன்னது.

அவள் பேசிக்கொண்டே போனாள். எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டதாம். பிரஷர் பார்க்கும் பம்பை அமுக்க முடியவில்லையாம். அவளை ஒரு வார்த்தை கேட்காமல் வார்டிலிருந்து எடுத்து, பதிவுக் கவுன்டரில் கார்டு எழுத உட்காரவைத்துவிட்டார்களாம். அவளுடைய தலைமுடி வழக்கத்துக்கு மாறாகக் குட்டையாக வெட்டப்பட்டிருந்தது. ஒரு கையால் பின்ன முடியவில்லை என்று அதற்கும் காரணம் சொன்னாள்.

அந்த நேரம் சிவம் உள்ளே வந்தார். மேலே அலமாரியிலிருந்த பிஸ்கட் டின்னை எடுக்க எங்கள் தலைக்கு மேலே சட்டென்று கையை நீட்டினார்.

ரீத்தா குனிந்து முகத்தை மறைத்துக்கொண்டாள். நானும் குனிந்து முகத்தை மறைத்துக்கொண்டேன். இருவரும் ஒரே நொடியில்.

"என்னா இது, ரெண்டு பேரும்? டின்ன எடுக்க வந்தேன் லா" என்று சிரித்துவிட்டு அவர் போய்விட்டார்.

ரீத்தா மெல்ல நிமிர்ந்தாள். "எனக்கு அன்னியிலேர்ந்து யாராச்சும் கையத் தூக்கினாலே இப்படித்தான். நீ ஏன் குனிஞ்ச?"

"ஒண்ணுமில்ல" என்றேன்.

அவள் போன பிறகு சோற்றுத் தட்டை மூடி வைத்தேன். என் காது ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது, ஆனால் எட்டு வருடமாக நான் குனிந்துகொண்டுதான் இருக்கிறேன் என்பது அன்றுதான் எனக்கே தெரிந்தது. எந்த எண் போட்ட சட்டமாக இருந்தாலும் அவளும் இனி குனிந்துகொண்டுதான் இருப்பாள். நான் எதைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்?

மறுநாள் காலை கிளினிக்குக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டரைத் தேடிப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பொய் ஸ்டேட்மென்ட் குடுக்கறதே குற்றம், தெரியுமா?"

"இப்ப தெரியும் சார்."

"கோர்ட்ல இந்த ரெண்டு ஸ்டேட்மென்டையும் எடுத்து வச்சி அந்த லாயர் உங்களக் கிழிப்பாரு. வருவீங்களா?"

"வரேன் சார்."

6. என்ன காரணம்?

கிள்ளான் மாஜிஸ்திரேட் கோர்ட். மாஜிஸ்திரேட் ஓர் இளம் மலாய்ப் பெண். என்னைவிட வயது குறைவாகத்தான் இருக்கும். எனக்கு மலாய் தடுமாறும் என்பதால் தமிழிலேயே பேசலாம் என்றார்கள். டை கட்டிய வயதான மொழிபெயர்ப்பாளர் என் பக்கத்தில் நின்றார். ரீத்தா முன் வரிசையில் இருந்தாள். தனபாலன் வெள்ளைச் சட்டை போட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கடைசி பெஞ்சில் அவர் அப்பா, உடம்பு தேறி, துண்டால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பார்த்ததைச் சொன்னேன். பையைக் கழற்றிப் போட்டதைச் சொன்னேன். "நான் இந்த வார்டு நர்ஸ்" என்று அவள் சொன்னதைச் சொன்னேன். கையை முறுக்கியதையும் தள்ளியதையும் அந்தச் சத்தத்தையும் சொன்னேன்.

பிறகு லாயர் எழுந்தார். முதல் ஸ்டேட்மென்டை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமாங்க."

"இதுல ஒண்ணும் பாக்கலன்னு சொல்லியிருக்கீங்க. இன்னிக்கு எல்லாம் பாத்தேங்கிறீங்க. இவங்க உங்க பிரண்டு. வீட்டுக்கு வந்து சொல்லிக் குடுத்தாங்க. இல்லையா?"

"இல்லைங்க. நான் பாத்தது அவளுக்குத் தெரியவே தெரியாது."

"அப்ப அன்னிக்கு ஏன் பாக்கலன்னு சொன்னீங்க? என்ன காரணம்?"

பயம் என்று சொல்லியிருக்கலாம். அம்மா சீக்காக இருந்தார், குழப்பம் என்று சொல்லியிருக்கலாம். முன்பே யோசித்துக்கொண்டுதான் போயிருந்தேன். ஆனால் வாய் வேறொன்றைச் சொன்னது.

"பொறாமைங்க."

மொழிபெயர்ப்பாளர் திரும்பி என்னைப் பார்த்தார். "என்னம்மா சொன்னீங்க?"

"பொறாமை சார்."

அவர் கொஞ்சம் தயங்கி, அதை மலாயில் சொன்னார். எழுதிக்கொண்டிருந்த மாஜிஸ்திரேட் நிமிர்ந்தார். எதன் மேல் பொறாமை என்று அவரே கேட்டார்.

"எட்டு வருஷத்துக்கு முந்தி என்னையும் ஒருத்தரு அடிச்சாருங்க, கிளினிக்ல வச்சி. நான் பிரைவேட்டு. ரிப்போர்ட் பண்ணப் போனா, நீயே போய்ப் பாத்துக்கன்னுட்டாங்க. டாக்டர், வேலை வேணுமா கோர்ட்டு வேணுமான்னு கேட்டாரு. இவளுக்கு அடிபட்டப்ப எல்லாரும் ஓடி வந்தாங்க. போலீஸ் ஜீப்பே வந்துச்சு. எனக்கு வயிறு எரிஞ்சுச்சுங்க. அதான் பாத்தத பாக்கலன்னு சொல்லிட்டேன்."

ரீத்தா இருந்த பக்கம் நான் திரும்பவில்லை.

லாயர் விடவில்லை. "அப்ப நீங்க பொய் சொல்றவங்கதான்னு ஒத்துக்கிறீங்க."

"அன்னிக்கு சொன்னது பொய்தாங்க. இன்னிக்கும் பொய் சொல்றதா இருந்தா, இதைவிட நல்ல காரணமா யோசிச்சி சொல்லியிருப்பேங்க."

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லி முடித்தபோது மாஜிஸ்திரேட் தலையைக் குனிந்து எழுத ஆரம்பித்தார்.

சில வாரங்கள் கழித்துத் தீர்ப்பு வந்தது. ஷிப்ட் நேரம் முடிந்திருந்தாலும், ஒரு நோயாளியின் உயிருக்கு ஆபத்து வருவதைத் தடுக்க நர்ஸாகத் தன்னைச் சொல்லிக்கொண்டு வந்தவர் கடமையில்தான் இருந்தார் என்று மாஜிஸ்திரேட் சொன்னார். தனபாலனுக்குச் சில மாதச் சிறை. பெரியவர் ரீத்தாவிடம் வந்து, "நான் பசின்னு அழுவாம இருந்திருக்கணும்மா" என்று சொல்லிவிட்டுத் தடியை ஊன்றிக்கொண்டு போனார். அதைக் கேட்டபோது எனக்கு ஜெயித்த மாதிரி இல்லை.

வெளியே படிக்கட்டில் ரீத்தா நின்றிருந்தாள். சாட்சி சொன்ன நாளிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. மன்னித்துவிடு என்று ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"பொறாமைப்பட்டது இருக்கட்டும். அது எனக்குத் தெரியாதா? அந்தப் புத்தகத்த நான் குடுத்தப்பவே உன் மூஞ்சியில தெரிஞ்சுச்சு. எட்டு வருஷமா அறை வாங்கினத மறைச்சிருக்க பாரு, அதைத்தான் என்னால தாங்க முடியல. சொல்லியிருந்தா லீவு போட்டுட்டு உன்கூட வந்திருக்க மாட்டேனா? மாஜிஸ்திரேட் ஆபிஸ்ல உன் பக்கத்துல உக்காந்திருக்க மாட்டேனா?"

பஸ் வந்தது. அவள் ஏறிப் போனாள்.

அடுத்த இரண்டு தீபாவளிக்கும் அவள் வரவில்லை. மூன்றாவது தீபாவளிக்கு வந்தாள்.

7. இண்டர்வியூவில் நான் கேட்ட கேள்வி

கோர்ட்டில் நான் சொன்னது ஊரில் பரவிவிட்டது. என் கிளினிக் டாக்டருக்கு அது பிடிக்கவில்லை. பழைய டாக்டரைப் பற்றித்தான் சொன்னேன் என்றாலும், இவளை வைத்துக்கொண்டால் நாளைக்கு நம்மையும் சொல்வாள் என்று நினைத்திருப்பார். நானே நின்றுவிட்டு வேறு வேலை தேடினேன்.

போன இடத்திலெல்லாம் வேலை நேரம், லீவு எல்லாம் பேசி முடித்த பிறகு நான் ஒரு கேள்வி கேட்டேன்: "டாக்டர், பேஷன்ட் யாராச்சும் என்னை அடிச்சா நீங்க என்ன செய்வீங்க?"

முதல் டாக்டர் சிரித்தார். "நம்ம கிளினிக்குக்கு அந்த மாதிரி ஆளுங்க வர மாட்டாங்க" என்றார். இரண்டாவது டாக்டர், "நாமதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்" என்றார். இரண்டு பேரும் பிறகு என்னைக் கூப்பிடவில்லை.

மூன்றாவது ஒரு சீன லேடி டாக்டர். கண்ணாடியைக் கழற்றிவிட்டு யோசித்தார். பிறகு அவருக்குத் தெரிந்த மலாயும் ஆங்கிலமும் கலந்து சொன்னார்: கிளினிக்கைச் சாத்திவிட்டு உன்னோடு ஸ்டேஷனுக்கு வருவேன், காயத்தை நானே ரிப்போர்ட்டில் எழுதுவேன், மாஜிஸ்திரேட்டிடமும் வருவேன்.

"அடிச்சவரு பேனல் கம்பெனி முதலாளியா இருந்தா, டாக்டர்?"

"அன்னைக்கே பேனல் கட்."

அவரிடம் பதினேழு வருடம் வேலை செய்தேன். இரண்டு தடவை அவர் சொன்னதைச் செய்து காட்ட வேண்டி வந்தது. இரண்டு தடவையும் செய்தார். தொண்ணூறுகளில், வேலை செய்பவருக்கு வேலையிடத்தில் ஆபத்து வராமல் பார்த்துக்கொள்வது முதலாளியின் கடமை என்று புதுச் சட்டம் வந்தபோது, அதை என்னிடம் காட்டி, "நீ கேட்டதைத்தான் இவர்கள் எழுதியிருக்கிறார்கள்" என்றார்.

இன்று கிளினிக்கிலும் ஆஸ்பத்திரியிலும் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். அடி விழுந்தால் அன்றே ரிப்போர்ட் எழுதுங்கள். காயம் தெரியாவிட்டாலும் ஒரு டாக்டரிடம் காட்டி எழுதி வாங்குங்கள். பார்த்தவர்களின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு எந்தச் சட்டம் பொருந்தும், எது பொருந்தாது என்று அடி விழுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். சட்டம் புத்தகத்தில் சும்மாதான் கிடக்கிறது. அதை எடுத்துக்கொண்டு நடக்க, பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். நீங்கள் சொன்னால்தான் அந்த ஆள் வருவார்.

லேடி டாக்டர் சொன்ன பதிலை, அந்த மூன்றாவது தீபாவளியன்று ரீத்தாவிடம் சொன்னேன். அப்போதும் அவள் பதிவுக் கவுன்டரில்தான் கார்டு எழுதிக்கொண்டிருந்தாள். வார்டுக்குத் திரும்பப் போகக் கேட்டு மூன்று தடவை கடிதம் எழுதியிருந்தாள், பதில் வரவில்லை. முறுக்கை உடைத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"கவர்மென்ட் ஆளுங்க எங்களால இப்படி எல்லாம் கேட்டு வேலையில சேர முடியுமா? நீ குடுத்து வச்சவ" என்றாள்.

அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். பத்துப் பன்னிரண்டு வருடம் எனக்குள் நானே கேட்ட குரல் அது. அவளுக்காக வருத்தப்பட்டேன், அது உண்மை. ஆனால் சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதைக் கேட்க எனக்குப் பிடித்தும் இருந்தது.